படையல் அரிசியும் விதைநெல்லும்

தைப்பொங்கலன்று விடியற்காலையில் காரியாபட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தெருவில் நடந்து செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். வாசலெங்கும் கோலம். கோலத்தின் நடுவே அடுப்பு. அதன்மேல் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டிய பானை. பால் பொங்கி வழிந்ததும் குலவைச் சத்தம் எழுகிறது. களைந்து வைத்த பச்சரிசியைக் கைநிறைய அள்ளி, பானையை மும்முறை சுற்றி உள்ளே இடுகிறார்கள். பாட்டி செய்ததைத் தாய் செய்கிறாள். தாய் செய்ததை மகள் செய்கிறாள். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை அல்லவா?

ஒன்று மாறியிருக்கிறது. பானைக்குள் விழுந்த அரிசி பாட்டி காலத்து அரிசி அன்று.

இன்று அந்தப் பானையில் விழுவது பெரும்பாலும் கடையில் வாங்கிய பொன்னிப் பச்சரிசி. 'பொன்னி' என்பது காவிரியின் பழம்பெயர். ஆகவே, கரிகாலன் காலந்தொட்டுச் சோழ நாட்டில் விளைந்து வரும் நெல் இது என்று நம்மில் பலர் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் பொன்னியின் பெற்றோரில் ஒன்று தைவானில் உருவான நெல்; மற்றொன்று மலேயா நாட்டு நெல். இவ்விரண்டின் கலப்பில் பிறந்து, மலேசியாவில் 1965-ஆம் ஆண்டில் 'மசூரி' என்ற பெயரில் பரவிய நெல்லே தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆயிற்று.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. நம் கோயில் மடைப்பள்ளி, பழமையைக் காப்பதில் மிகவும் பிடிவாதமானது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய மிளகாய், போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. வீட்டு அடுப்பங்கரைகளை அது எளிதில் பிடித்துக்கொண்டது. ஆயினும், மரபு வழுவாத மடைப்பள்ளிகளில் இன்றும் காரத்துக்கு மிளகுதான். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் அங்கே இடமில்லை. சில நூற்றாண்டுகளாக மிளகாயை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கும் அதே மடைப்பள்ளிக்குள், அயல்நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த நெல் ஒரே தலைமுறையில் நுழைந்துவிட்டது எப்படி? வரலாற்றையும் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

நெல்லுச் சோறு அரிதாயிருந்த மண்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது காரியாபட்டி. 1985-இல் விருதுநகர் மாவட்டம் அமைவதற்கு முன்பு இது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வற்றாத ஆறு எதுவும் இப்பகுதிக்குக் கிடையாது. குண்டாறும் மழை பெய்தால்தான் ஓடும். மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து முடிந்துவிடும். அந்த நீரைத் தேக்கி வைப்பவை கண்மாய்கள். கண்மாயின் மடைக்குக் கீழே உள்ள சிறு பரப்பில் நெல் விளையும். மற்ற நிலமெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, பயறு.

ஆகவே இந்த ஊர்களில் முன்பெல்லாம் அன்றாட உணவு கம்பங்கூழும் சோளச்சோறும் குதிரைவாலிச் சோறும்தான். பொங்கல், தீபாவளி, கல்யாணம், அம்மன் கோயில் கொடை என்று ஏதேனும் வந்தால்தான் நெல்லுச் சோறு. காவிரிக்கரையில் அரிசி அன்றாட உணவு. காரியாபட்டியில் அரிசியே ஒரு பண்டிகை! தெய்வத்துக்கு அரிசி படைப்பதன் பொருளை இங்கே நன்றாக உணரலாம். தனக்கே அரிதாகக் கிடைத்த பொருளை உழவன் முதலில் சாமிக்கு வைத்தான்.

கல்லில் எழுதிய சமையல் பட்டியல்

சாமிக்கு வைத்த அரிசி எப்படிப்பட்டது? வீட்டுப் படையலுக்கு எழுத்துச் சான்று கிடையாது. ஆனால் கோயில் படையலுக்கு உண்டு. காரியாபட்டி அடங்கிய பழைய பாண்டிய நாட்டிலேயே அதற்குச் சிறந்த சான்று ஒன்று இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரத்தில், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் கல்வெட்டு கிடைத்துள்ளது.

அரசன் 290 காசுகளைக் கோயிலுக்காக இளங்கோக்குடி என்ற ஊரின் சபையாரிடம் கொடுத்தான். ஒரு காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி. ஆக, ஆண்டுக்கு 580 கலம். முதலைத் தொடக் கூடாது. வட்டியைக் கொண்டே இறைவனுக்கு நாள்தோறும் நான்கு வேளை அமுது படைக்க வேண்டும். அக்கால வழக்கில் 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். கணக்கிட்டுப் பார்த்தால், நாள் ஒன்றுக்கு 150 நாழிக்குச் சற்று மேற்பட்ட நெல் கோயில் செலவுக்குக் கிடைத்தது.

அமுதுக்கு வேண்டிய பண்டங்களை அக்கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறிவகைகள், வெற்றிலை பாக்கு என்று பட்டியல் நீள்கிறது. காயப்பொருள்களையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி. மிளகாய் ஏன் நுழையவில்லை என்பது இங்கேயே விளங்குகிறதல்லவா? பெயர் சொல்லி எழுதிய பட்டியலில் வேறொன்றைச் சேர்ப்பது எளிதன்று.

அரிசிக்கு மட்டும் வழக்கம் வேறாக இருந்தது. பாண்டியர், சோழர் காலக் கல்வெட்டுகளில் படையல் அரிசியைக் குறிக்கும் சொற்களைப் பாருங்கள்: செந்நெல், தீட்டல் அரிசி, பழவரிசி. நல்ல நெல்லாக இருக்கட்டும், நன்கு தீட்டியதாக இருக்கட்டும், பழையதாக இருக்கட்டும் என்று அரிசியின் தன்மையை இவை கூறுகின்றன. சம்பாவா, குறுவையா, இன்ன ஊர் விதையா என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை.

தன்மையைப் பற்றிய கவனமோ மிக நுட்பமானது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'ஐந்திரண்டு வண்ணம்' என்ற ஒரு கணக்கு வருகிறது. ஐந்து பங்கு நெல்லைக் குத்தி இரண்டு பங்கு அரிசி அளக்க வேண்டும் என்பது இதன் பொருள். வீட்டுக் கணக்கில் இரண்டு மரக்கால் நெல்லுக்கு ஒரு மரக்கால் அரிசி காணும் என்பார்கள். அதாவது ஐந்துக்கு இரண்டரை. கோயில் கணக்கில் அரைப் பங்கு குறைகிறது. குத்துக்கூலி போக, நொய்யும் குறுநொய்யும் புடைத்து நீக்கி, முனை முறியாத அரிசியையே இறைவனுக்கு அளந்தார்கள் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

பச்சரிசி ஏன்?

படையலுக்குப் பச்சரிசிதான் வேண்டும் என்பது நம் வீடுகளில் இன்றும் தவறாத விதி. புழுங்கலரிசி ஏற்கெனவே ஒருமுறை வெந்தது. ஒருமுறை வெந்ததை மீண்டும் வேகவைத்து இறைவனுக்குப் படைக்கலாகாது என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள்.

விஞ்ஞானப்படியும் புழுங்கல் அரிசி வெந்ததுதான். நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது அரிசிக்குள் இருக்கும் மாவுச்சத்து கூழாகிப் பின் இறுகுகிறது. தவிட்டில் உள்ள பி1 வைட்டமினில் ஒரு பகுதி நீரோடு கலந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. பச்சரிசியிலோ அது தவிட்டோடு போய்விடும்.

இதன் விளைவைக் கடல் கடந்த தமிழர்களிடம் உலகம் கண்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் 'பெரிபெரி' என்னும் நோய் சீனத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகத் தாக்கியது. அதே மண்ணில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாகவே இருந்தது. சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டைப் பிராடன் என்ற மருத்துவர் 1907-இல் தம் நூலில் சுட்டிக்காட்டினார். பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதைச் சோதனை செய்து உறுதிப்படுத்தினர். வைட்டமின் என்ற பெயரே பிறக்காத காலம் அது!

பண்டிகைக்குப் பச்சரிசி, அன்றாடத்துக்குப் புழுங்கல் என்ற நம் பழைய ஏற்பாடு உடலுக்கும் உகந்ததாகவே இருந்தது. இறைவனுக்குப் பெரிபெரி வராது. நாள்தோறும் உழைப்பவனுக்கு வரும்.

சிவப்பரிசி படையலுக்கு ஆகாது என்று எண்ணுவோரும் உண்டு. மலைக்கு அப்பால் கேரளக் கோயில்களில் நிவேதனத்துக்கு உரியதே தவிடு முழுதும் போகாத 'உணக்கலரி' என்ற சிவப்புப் பச்சரிசிதான். எனவே விதி நிறத்தைப் பற்றியது அன்று. அவித்ததா, அவிக்காததா என்பதைப் பற்றியது.

பழையதும் புதியதும்

கல்வெட்டுகள் பழவரிசி கேட்கின்றன. தைப்பொங்கலோ புத்தரிசி கேட்கிறது. இது முரண்பாடு போல் தோன்றும். சமைப்பவர்களுக்குக் காரணம் தெரியும்.

அறுத்தவுடன் குத்திய அரிசி விரைவில் குழைந்து ஒட்டும். சில மாதங்கள் இருப்பு வைத்தால், அரிசியின் செல்சுவர்களும் மாவுச்சத்துத் துகள்களைச் சூழ்ந்த புரதமும் உறுதிப்படுகின்றன. அத்தகைய அரிசி நிறைய நீரை இழுத்து, உடையாமல், ஒட்டாமல், பருக்கை பருக்கையாக வேகிறது. வெள்ளைச் சோற்றுக்கும் புளியோதரைக்கும் இதுவே ஏற்றது. ஆகவே நாள் பூசைக்குப் பழவரிசி. பொங்கலுக்கோ குழைவுதான் அழகு, அதற்குப் புத்தரிசி.

பண்டிகைச் சமையலில் குழைவுக்குப் பெயர் பெற்றது அக்காரவடிசில். பால், அரிசி, வெல்லம், நெய் சேர்ந்த இந்த அமுதுக்கும் நம் பகுதிக்கும் நெருங்கிய தொடர்புண்டு. இதே விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், திருமாலிருஞ்சோலை எனப்படும் அழகர்கோயில் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டார். அந்த நேர்த்தியைப் பின்னாளில் இராமானுசர் செலுத்தினார் என்பது வைணவ மரபு. மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லியன்று வைணவக் கோயில்களில் அக்காரவடிசில் படைப்பது இன்றும் தொடர்கிறது.

இதைச் சமைப்பவர்கள் ஒரு விதியை மறப்பதில்லை. அரிசி மலர்ந்து குழைந்த பிறகே வெல்லம் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் எவ்வளவு நேரம் எரித்தாலும் அரிசி விறைத்தே நிற்கும். வெல்லத்தின் சர்க்கரை நீரைத் தன்பால் பிடித்துக்கொள்கிறது. மாவுச்சத்து கூழாவதற்கு மேலும் அதிகச் சூடு தேவைப்படுகிறது. தெர்மாமீட்டர் பார்த்து அறியாத பெண்கள் கைப்பழக்கத்தில் அறிந்த பௌதிகம் இது.

ஆக, பச்சை, பழமை, புதுமை, முழுமை, குழைவு என்று படையல் அரிசிக்கு எத்தனையோ இலக்கணங்கள் உண்டு. விதையின் பெயர் மட்டும் இலக்கணத்தில் சேரவில்லை.

கண்மாய் நெல்

பெயர் சேராததற்குக் காரணமும் உண்டு. அந்நாளில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. அந்தந்த மண்ணில் அந்தந்த நெல்தான் விளையும்.

இராமநாதபுரம், காரியாபட்டி போன்ற மானாவாரிப் பகுதிகளில் நாற்றங்கால் விட்டு நடவு செய்ய நீர் போதாது. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த நிலத்தை உழுது புழுதியிலேயே நெல்லை விதைப்பார்கள். விதை மழைக்காகக் காத்துக் கிடக்கும். முதல் மழையில் முளைத்து, அடுத்த மழைகளில் வளர்ந்து, கதிர் வரும் சமயத்தில் கண்மாய் நீரைக் குடித்துத் தையில் விளையும். பாதிப் பயிர் வானத்தை நம்பியது. பாதிப் பயிர் கண்மாயை நம்பியது.

இந்த வாழ்க்கைக்கு ஏற்ற நெல்களை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தனர். சிவந்த, பருத்த அரிசி தரும் சித்திரைக்கார். 110 நாளில் விளைவதால் அப்பெயர் பெற்ற நூற்றிப்பத்து. வறட்சிக்கு அஞ்சாத நொறுங்கன். உவர் நிலத்தையும் தாங்கும் குழியடிச்சான் போன்றவை அவை. உயரமாக வளர்வதால் மாட்டுக்கு வைக்கோலும் நிறையக் கிடைத்தது.

சித்திரைக்காரின் சிவப்பைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். காட்டு நெல்லின் அரிசி சிவப்பு நிறமுடையது. அந்நிறத்துக்கு உரிய மரபணுவில் 14 இணைகள் விடுபட்டுப் போனதே உலகின் பெரும்பாலான வெள்ளை அரிசிக்குக் காரணம் என்று 2006-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆகவே சிவப்புதான் மூத்தது, வெள்ளை இளையது!

கோயம்புத்தூர் முதல் லாஸ் பானோஸ் வரை

1912-இல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. உழவர்களின் நெல்களைச் சேர்த்து, ஆராய்ந்து, சிறந்தவற்றைப் பிரித்தெடுப்பதே அதன் முதல் வேலை. அங்கே கோணமணி என்ற நெல்லின் நடுவே தானாகத் தோன்றிய ஒரு மாறுபட்ட செடி கண்டுபிடிக்கப்பட்டது. மெல்லிய, அழகிய அரிசி. 1921-இல் அது ஜி.இ.பி. 24 என்ற பெயரில் வெளியாயிற்று. உழவர்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்று அழைத்தார்கள். விருந்துக்கும் பண்டிகைக்கும் அது விரும்பப்பட்ட அரிசி ஆயிற்று.

அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உலகெங்கும் சென்றன. திருவள்ளூரை அடுத்த திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தில் அதிலிருந்து டி.கே.எம். 6 உருவாயிற்று. ஜப்பானிய நெல்லோடு கலந்து 1960-களின் நடுவில் ஆடுதுறையில் ஏ.டி.டி. 27 பிறந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் குட்டை நெல்லான ஐ.ஆர். 8 வகையை வெளியிட்டது. பின்னர் டி.கே.எம். 6 வகையையும் ஒரு பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர். 20 வகையை உருவாக்கியது. தமிழ்நாட்டு வயல்களில் பெரிதும் பரவிய ஐ.ஆர். 20, உண்மையில் நம் கிச்சிலிச் சம்பாவின் பேரன்!

இந்தப் புது நெல்களைக் குறை கூறுவது நன்றி மறப்பதாகும். 1965, 1966 ஆகிய ஆண்டுகளின் வறட்சியில் நாடு கப்பல் கோதுமைக்குக் காத்திருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். உயர்ந்து வளர்ந்த பழைய நெல்லுக்கு உரம் அதிகமிட்டால் சாய்ந்துவிடும். குட்டை நெல் சாயாமல் உரத்தை மணியாக மாற்றியது. பண்டிகைக்கு மட்டுமே நெல்லுச் சோறு கண்ட கரிசல் காட்டுக் குடும்பம் நாள்தோறும் அதை உண்ண முடிந்தது. 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றியே கிடைக்கிறது. பசியாறியது சிறிய செய்தி அன்று.

ஆனால் பசியாறிய வேகத்தில் விதை கைநழுவிற்று. மசூரியிலிருந்து தேர்ந்தெடுத்த மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி 1986-இல் வெளியானபின், பச்சரிசி என்றாலே பொன்னி என்று ஆயிற்று. அது பச்சரிசிதான், பழையதாகவும் முழுதாகவும் கிடைத்தது, படையலின் எல்லா விதிகளுக்கும் பொருந்தியது. மடைப்பள்ளியில் தடை சொல்ல யாருக்கும் காரணம் இருக்கவில்லை. விதையின் பெயரைக் கேட்க வேண்டும் என்றுதான் எந்த விதியும் இல்லையே!

பெயர் சொன்னதால் பிழைத்தவை

இதற்கு மறுபக்கமும் உண்டு. செட்டிநாட்டுத் திருமண விருந்துகளில் கவுனி அரிசி இனிப்புக்குத் தனியிடம் உண்டு. அதைக் கறுப்பு நிறக் கவுனி அரிசியில்தான் செய்ய முடியும். பொன்னியில் செய்தால் அதற்கு அந்தப் பெயரே பொருந்தாது. திண்டுக்கல் பிரியாணிக்குச் சீரகச் சம்பா வேண்டும். இந்த இரு நெல்களும் சந்தையை விட்டு மறையவில்லை. சமையலில் பெயர் சொல்லிக் கேட்டார்கள், ஆகவே விதைத்தார்கள்.

பெயர் சொல்லிக் கேட்பாரற்ற நெல்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. அவற்றைத் தேடித் திரட்டியவர்களில் ஒருவர் 'நெல்' ஜெயராமன். இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வாரின் ஊக்கத்தால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நெல் திருவிழாக்கள் நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. 2018-இல் அவர் மறைந்தபோது 170 வகைகள் அளவில் மீட்கப்பட்டிருந்தன.

ஆராய்ச்சியாளர்களும் பழைய நெல்லிடம் திரும்பி வந்துள்ளனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நொறுங்கனையும் நூற்றிப்பத்தையும் புது நெல்களோடு கலந்து, வறட்சியைத் தாங்கும் பண்பு எந்த மரபணுப் பகுதியில் இருக்கிறது என்று தேடினார்கள். நூற்றிப்பத்துக்குத் துணையாக அவர்கள் கலந்தது எது தெரியுமா? ஐ.ஆர். 20. கிச்சிலிச் சம்பாவின் பேரன் உலகைச் சுற்றிவிட்டு, வறண்ட நாட்டு நெல்லிடம் பாடம் கேட்க வந்திருக்கிறான்!

விதைக் கிடங்குகளில் பழைய நெல்கள் குளிரில் பத்திரமாக இருக்கின்றன. அது மிகவும் தேவை. ஆனால் குளிர் அறையில் உறங்கும் விதை மாறிவரும் மழையைப் பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் வயலில் விழும் விதையே புதிய வெயிலையும் புதிய பூச்சியையும் சந்தித்துத் தேறுகிறது. பருவமழை தடுமாறும் இக்காலத்தில், புழுதியில் காத்துக் கிடந்து முளைக்கத் தெரிந்த நெல் நமக்கு வேண்டாத பழம்பொருள் ஆகிவிடுமா?

முதல் கெடாமல்

வரகுண பாண்டியன் கொடுத்த 290 காசை மீண்டும் நினைவுகூர்வோம். வட்டி நெல்லைச் சமைக்கலாம். முதலைத் தொடக் கூடாது என்பது அவன் வைத்த நிபந்தனை. உழவனுக்கு விதைநெல்லே முதல். விளைச்சல் அதன் வட்டி. எத்தகைய பஞ்சத்திலும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்காத குடும்பங்களைப் பற்றி நம் கிராமங்களில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள்.

அந்த முதலைக் காக்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. கண்மாய்க்குக் கீழே நிலம் உள்ளவர் ஒரு மூலையில் சித்திரைக்காரோ நூற்றிப்பத்தோ விதைக்கலாம். கோயிலுக்கு நெல் அளப்பவர் இன்ன நெல் என்று பெயர் சொல்லி அளக்கலாம். பொங்கல் பானைக்கு அரிசி வாங்கும்போது, "இது என்ன நெல்லு?" என்று கடைக்காரரைக் கேட்கலாம். பட்டியலில் பெயர் இருந்ததால் மிளகு பிழைத்தது. நெல்லின் பெயரையும் அந்தப் பட்டியலில் எழுதிவிட்டால் போதும், விதைப்பவர் வருவார்.